சுவரில் நடந்து போனவர்

துரை கப்பலேறிப் போன மூன்றாம் நாள், என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து கைவண்டியில் ஒரு மரப்பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்தார். சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. தூத்துக்குடியில் கப்பல் ஆபீஸ்களில் இருந்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். போகிறவர்கள் நாற்காலி, பீங்கான், பூந்தொட்டி என்று எதையாவது ஆபீஸ்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். என் வீட்டுக்காரர் அங்கே குமாஸ்தா. சாய்வு நாற்காலி ஒன்று வரும் என்று நானும் மதினியும் இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தோம்.

"இது நாற்காலி இல்லையே தம்பி," என்றாள் மதினி.

"படம் காட்டுத மிஷினுக்கா. பங்களாவைக் காலி பண்ணும்போது பின்கட்டுல கெடந்துச்சு. யாருக்கும் வேண்டாம்னாங்க. நான் கேட்டு வாங்கிட்டேன்."

பெட்டிக்குள் கறுப்பு இரும்பில் ஒரு யந்திரம். பக்கவாட்டில் கைப்பிடி, முன்னால் ஒற்றைக் கண். கூடவே பதினொரு வட்டத் தகர டப்பாக்கள். மூன்று நான்கில் மட்டும் காகிதம் ஒட்டியிருந்தது. மற்றவற்றின் காகிதங்களைப் பூச்சி தின்றிருந்தது.

நாங்கள் குடியிருந்தது கடற்கரைக்குப் போகிற தெருவில் ஒரு மாடி. கீழ்வீட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அந்த வீட்டு அண்ணாச்சி துறைமுகத்தில் லாஞ்சு ஓட்டுகிறவர். மாடியில் நாங்கள் மூன்று பேர்தான். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்காவான மதினி. இரண்டு பல்பு எரிகிற அளவுக்குக் கரண்டு இருந்தது.

மதினியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவளுடைய வீட்டுக்காரர் கருப்பட்டி வியாபாரி. உலகச் சண்டையில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட வருஷம், கருப்பட்டிச் சிப்பங்களோடு தோணியேறிக் கொழும்புக்குப் போனார். தோணி அங்கே போய்ச் சேரவில்லை, இங்கே திரும்பியும் வரவில்லை. ஒரு பலகை கூடக் கரை ஒதுங்கவில்லை. உடம்பு கிடைக்காததால் காரியம் செய்யலாமா கூடாதா என்று பெரியவர்களுக்குள் சண்டை. ஒரு முடிவும் ஆகாமலே ஆறு வருஷம் ஓடிவிட்டது. மதினி தாலியோடும் குங்குமத்தோடும்தான் இருந்தாள். கல்யாண வீடுகளில் மஞ்சள் குங்குமத் தட்டோடு வருகிறவர்கள் அவளிடம் வந்ததும் தடுமாறுவார்கள். நீட்டிய கை பாதியில் நிற்கும். மதினியே அதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து போய்விடுவாள். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது இதற்கெல்லாம் பிறகு. அவரை நான் பார்த்ததே இல்லை. போட்டோ எதுவும் கிடையாது.

படம் பார்க்க இருட்டு வேண்டும். ராத்திரியில் மிஷினைப் போட்டால் தெருவே கூடிவிடும் என்று இவருக்குப் பயம். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டுப் படம் போட்டார். கீழ்வீட்டு அக்கா மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து, சமையலை முடித்து, பனையோலை விசிறியோடு மாடியேறி வருவாள். உள்ளே வேக்காடு தாங்காது. சிப்பிச் சுண்ணாம்பு அடித்த சுவர்தான் திரை. அந்தச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு இருந்தது. படத்தில் வருகிற எல்லோரும் அந்த வெடிப்பைத் தாண்டித்தான் நடந்தார்கள். முதல் நாள் நான் அதை ஓர் ஆறு என்று நினைத்தேன்.

அதற்கு முன் நான் பார்த்தது இரண்டே படங்கள். இரண்டும் எங்கள் ஊர்ப்பக்கம் கொட்டகையில் பார்த்தவை. இரண்டிலும் சாமி வரும், பாட்டு வரும். பாட்டு நடக்கும்போது கதை நிற்கும். அந்த நேரத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று யோசித்துக்கொள்ளலாம். இங்கே அப்படி எதுவும் இல்லை. ஆட்கள் வாயை வாயை அசைத்தார்கள். மிஷின் கடகடவென்றது. பேச்சு வரவில்லை.

"மிஷின் கெட்டுப்போச்சோ?" என்று கேட்டேன்.

"இது பேசாத படம். பழசு. எழுத்து வரும், வாசிச்சுக்கிடணும்."

எழுத்து வந்தது. இங்கிலீஷ். இவர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே வாசித்து, அதைத் தமிழில் சொல்ல வேண்டும். "அவ சொல்லுதா... நீர் திரும்பி வரும்வரை..." என்று ஆரம்பிப்பதற்குள் எழுத்து போய்விடும். திரும்பி வரும்வரை என்ன செய்வாள் என்பது கடைசிவரை தெரியாது. அவசரப்பட்டு வாசித்தால் கை வேகமாகச் சுற்றும். படத்தில் இருக்கிறவர்கள் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். அழுதுகொண்டிருந்த ஒரு பெண், இவர் எழுத்துக்கூட்டிய வேகத்தில், கைக்குட்டையை விசிறி போல ஆட்டிவிட்டுப் பறந்தாள்.

எனக்கு முதல் தொந்தரவு முகங்கள். வெள்ளைக்காரிகள் எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள். தொப்பியை வைத்து அடையாளம் வைத்துக்கொள்வேன். அவள் அடுத்த அறைக்குப் போய்த் தொப்பியை மாற்றிக்கொண்டு வந்துவிடுவாள். மீசை வைத்த ஆள் இரண்டு பேர். ஒருவன் நல்லவன், ஒருவன் கெட்டவன் என்று இவர் சொன்னார். நல்லவன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவன் கடைசியில் ஒரு கிழவரை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டான். அன்று சாயங்காலம் வரை எனக்கு மனசு சரியில்லை.

ஒரு படத்தில் வானத்திலிருந்து வெள்ளையாக ஏதோ கொட்டிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கூரை, மரம், வண்டி எல்லாம் வெள்ளை.

"உப்பளமா இது?" என்றாள் மதினி.

"வானத்துலேருந்தா உப்பு விழும்? சிப்பி சுடுத சூளைச் சாம்பலா இருக்கும்," என்றாள் கீழ்வீட்டு அக்கா.

இவர் சிரித்துவிட்டு, பனி என்றார். மார்கழிப் பனியை நாங்கள் மூன்று பேரும் அறிவோம். அது இப்படிக் கொட்டாது. நாங்கள் நம்பவில்லை. அந்த உப்புக்குள் ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து, யார் வீட்டு வாசலிலோ வைத்துவிட்டுப் போனாள். ஏன் வைத்தாள் என்று சொல்லாமலே அந்த டப்பா முடிந்துவிட்டது. அடுத்த வாரம் போட்ட டப்பாவில் அதே பெண், குழந்தை இல்லாமல், கல்யாணம் ஆகாமல், ஒரு தோட்டத்தில் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"பெத்த புள்ளையைப் போட்டுட்டு எப்படிளா சிரிக்கா?" என்று கீழ்வீட்டு அக்கா கொதித்தாள்.

எனக்கும் கோபம் வந்தது. ஒரு வாரம் முழுக்க அவளைத் திட்டினேன். பிறகுதான் இவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தோட்டம்தான் முதலில், உப்பு பிறகு என்றார். டப்பாக்களை மாற்றிப் போட்டிருக்கிறோம். அதைக் கேட்டதும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திட்டியது தப்பு. ஆனால் திட்டியாகிவிட்டது. அந்தக் குழந்தைக்காக அழுதேனே, அது சரியா, தப்பா? யோசித்தால் தலை வலித்தது.

இப்படிக் குழம்பிக் குழம்பித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. வேண்டாம் என்றும் தோன்றவில்லை. சனிக்கிழமை வந்தாலே நானும் மதினியும் சாக்குகளை உதறி வைப்போம். ஆணும் பெண்ணும் முகத்தோடு முகம் வைக்கிற இடம் வந்தால் மதினி அடுப்பைப் பார்க்க எழுந்து போவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

ஒன்பதாவதோ பத்தாவதோ டப்பா. மூடியில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி மட்டும் போட்டிருந்தது. எழுத்தே இல்லாமல் படம் ஆரம்பித்தது. கடல் மேலும் கீழும் ஆடியது. ஒரு வெள்ளைக்காரி தொப்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள், கை ஆட்டினாள். இவள்தான் கதாநாயகி என்று முடிவு செய்து, தொப்பியை மனசில் பதித்துக்கொண்டேன். அடுத்து ஒரு கரை. சங்கு குளிக்கிறவர்களின் வள்ளங்கள் வந்து நின்றன. தலையில் துணி கட்டிய ஆட்கள் சங்குகளைக் குவித்தார்கள்.

"ஏளா, இது நம்ம கரைலா!" என்று கீழ்வீட்டு அக்கா விசிறியைக் கீழே போட்டாள்.

எங்கள் கரைதான். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. படம் என்பது வேறெங்கோ இருக்கிற ஊர், அங்கே உப்பு மழை பெய்யும், அங்கே இருக்கிறவர்கள் பேசமாட்டார்கள் என்று நான் ஒரு மாதிரி பழகி வைத்திருந்தேன். அதற்குள் நாங்கள் தினம் நடக்கிற மணல் எப்படி வந்தது? அந்த வெள்ளைக்காரி எப்போது தூத்துக்குடிக்கு வந்தாள்? கதையில் அவளுக்கு என்ன வேலை?

"இது கதையில்ல. துரையே எடுத்ததா இருக்கும். அந்தம்மா துரைசானி. நான் வேலைக்குச் சேருததுக்கு முந்தியே இறந்துட்டாகன்னு சொல்லுவாங்க," என்றார் இவர்.

அதற்குள் சுவரில் துறைமுகப் படிக்கட்டு வந்தது. பின்னால் தகரக்கூரை போட்ட ஷெட். படியில் சுமை தூக்குகிறவர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒருவர், வெள்ளை வேட்டி, தோளில் ஓலைக்கூடையான கொட்டான், எங்களை நோக்கி நடந்து வந்தார். வலது தோளில் இருந்த கொட்டானை இடது தோளுக்கு மாற்றினார். ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். சுவர் வெடிப்பைத் தாண்டிப் போய்விட்டார்.

மதினி என் கையைப் பிடித்தாள். வளையல் என் மணிக்கட்டில் அழுந்தியது.

"தம்பி, நிறுத்து."

மிஷின் சத்தத்தில் இவருக்குக் கேட்கவில்லை.

"ஏலே தம்பி, திருப்பிப் போடு! உங்க அத்தான்லா போறாக!"

இவர் பல்பை அணைத்துவிட்டுச் சுற்றுவதை நிறுத்தினார். பிறகு டப்பாவைத் திருப்பிச் சுற்றி மறுபடி போட்டார். கொட்டான் தோள் மாறியது, ஆள் போனார். மறுபடி போட்டார். நான் படத்தைப் பார்க்கவா, மதினியைப் பார்க்கவா என்று தெரியாமல் இரண்டையும் அரைகுறையாகப் பார்த்தேன். நான் அறியாத ஒருவரைத் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"அத்தான் மாதிரியும் இருக்கு," என்றார் இவர். "ஆனா அத்தானுக்கு இவ்வளவு உசரம் கெடையாதேக்கா."

"நடையைப் பாரு. அவுக நடைதான். மொகத்தைப் பாக்கணும். திரும்புத எடத்துல நிறுத்து."

நான்காவது தடவை, அவர் திரும்பிப் பார்க்கிற இடத்தில் இவர் கையை நிறுத்தினார். முகம் சுவரில் நின்றது. மதினி எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனாள். அவள் நிழல் விழுந்து பாதி முகத்தை மறைத்தது. அவள் விலகினாள். விலகிய அந்த நேரத்தில் முகத்துக்கு நடுவே பழுப்பாக ஒரு புள்ளி தோன்றி, கொப்புளம் போலப் பெருகி, முகம் முழுவதையும் தின்றுவிட்டது. வெள்ளைச் சுவர் மட்டும் இருந்தது. கருகிய வாடை வந்தது. "மாதாவே!" என்றாள் கீழ்வீட்டு அக்கா. பல்பின் சூட்டில் பிலிம் உருகிவிட்டது.

இவர் உருகிய துண்டைக் கத்தரித்து, பெட்டியில் இருந்த பசையை வைத்து இரண்டு முனைகளையும் ஒட்டினார். அதன்பிறகு போட்டபோது, அந்த மனிதர் நடந்து வந்து, கொட்டானைத் தோள் மாற்றி, திரும்பாமலே போனார். முகம் போய்விட்டது. நடை மட்டும் மிஞ்சியது.

மதினி இவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பரவால்ல, நாந்தான நிறுத்தச் சொன்னேன்," என்றாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறு ஞாயிறு கீழ்வீட்டு அண்ணாச்சியை அவர் மனைவி மாடிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். துறைமுகத்தில் எந்த ஆணி எப்போது அடித்தது என்று தெரிந்தவர் அவர். படத்தை இரண்டு தடவை பார்த்தார். ஆளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஷெட்டைத்தான் பார்த்தார்.

"இந்தக் கூரை புயல்ல பிச்சுக்கிட்டுப் போயிட்டு. பெறகு புதுசா தகரம் போட்டாங்க. இதுல மினுமினுன்னு இருக்கு பாருங்க, இது புதுத் தகரம்."

"அது எப்பம் போட்டது அண்ணாச்சி? கொழும்புல குண்டு விழுந்ததுக்கு முந்தியா, பிந்தியா?" என்று இவர் கேட்டார்.

அவர் யோசித்தார். "பிந்திதான். ஒரு வருஷம் கழிச்சு."

சொல்லிவிட்டு, சொன்னது என்ன என்று புரிந்து, மதினி முகத்தைப் பார்க்காமல் கீழே இறங்கிப் போய்விட்டார்.

தோணி போன பிறகு எடுத்த படம் என்றால், அதில் நடக்கிறவர் தோணியோடு முழுகவில்லை. இந்த ஊரில், இந்தத் துறைமுகப் படியில், கொட்டானோடு நடந்திருக்கிறார். வீட்டுக்கு மட்டும் வரவில்லை. இதற்குச் சந்தோஷப்பட வேண்டுமா? நான் மதினிக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த நாலைந்து மாதம் அந்த வீட்டில் இருந்ததை எப்படிச் சொல்வது என்று இப்போதும் தெரியவில்லை. மதினி ஒரு நாள் அரிசியை ஒரு கை கூடப் போட்டு உலையில் வைப்பாள். மறுநாள், "உசுரோட இருந்துக்கிட்டே என்னைய இப்படி நிக்க வச்சிருக்காகளே," என்று பாத்திரத்தைப் போட்டு உடைப்பது போலக் கழுவுவாள். கொழும்பிலிருந்து தோணி வந்தால் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கரைக்குப் போவாள். காயல்பட்டினத்துக்காரர்கள் சிலர் கொழும்பில் கடை வைத்திருந்தார்கள். அவர்கள் வீடுகளுக்கெல்லாம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தாள். "கருப்பட்டி யாவாரி, கொஞ்சம் சாய்ஞ்சு நடப்பாக" என்று அடையாளம் சொல்வாள். அந்த வீட்டுப் பெண்கள் எங்களை உட்கார வைத்து, வெற்றிலை கொடுத்து, மிக மரியாதையாக இல்லை என்று சொன்னார்கள். ஓர் அம்மா மட்டும், "அல்லா நாடினா வருவாஹ," என்றாள். வருகிற வழியெல்லாம் மதினி அழுதாள். எதற்கு அழுதாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வருவார் என்றதற்கா, இத்தனை நாள் வரவில்லை என்பதற்கா?

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த டப்பா மட்டும்தான். மற்றப் படங்களைப் போடவே இல்லை. நாலே நாலு நொடி நடை. பார்த்துப் பார்த்து எனக்கு அந்த மனிதர் எங்கள் வீட்டு ஆள் போலவே ஆகிவிட்டார். பார்க்காத அண்ணனுக்குத் தங்கையாகிவிட்டேன் என்று ஒரு நாள் தோன்றும். ஒரு நாள், யாரோ ஒரு சுமைகாரர் தன் பாட்டுக்கு வேலைக்குப் போகிறதை இத்தனை தடவை திரும்ப நடக்க வைத்து வதைக்கிறோமே என்று தோன்றும்.

கடைசியில் இவர்தான் துரைக்குக் கடிதம் எழுதினார். ஆபீஸில் விலாசம் இருந்தது. பெட்டி எங்களிடம் வந்த விவரம், பெருக்கல் குறி போட்ட டப்பா, துறைமுகப் படி, கொட்டான் தூக்கிய ஆள், எல்லாம் எழுதி, அது எந்த வருஷம் எடுத்தது என்று தயவுசெய்து தெரிவிக்க வேண்டும் என்று கேட்டார். அக்காவின் கதையையும் இரண்டு வரியில் சேர்த்தார். அதைச் சேர்க்கலாமா என்று அரை நாள் யோசித்தார்.

பதில் வர மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. நீலக் காகிதம், சாய்வான எழுத்து. இவர் ஆபீஸிலிருந்து சாப்பிட வந்த நேரத்தில், சாப்பாட்டை எடுத்து வைக்க வேண்டாம் என்று சொல்லி, எங்கள் இருவரையும் உட்கார வைத்து வாசித்தார். இந்தத் தடவை எழுத்து ஓடவில்லை. நிதானமாக வாசித்துச் சொன்னார்.

அந்தப் பெட்டி கப்பலில் தன்னோடு வந்திருக்க வேண்டியது, எப்படியோ விட்டுப்போயிற்று, அதைத் தேடாத இடமில்லை என்று துரை எழுதியிருந்தார். பெருக்கல் குறி போட்ட பிலிமைத் தாங்கள் இருவருமாக எடுத்ததாகவும், கையாட்டுகிறவள் தன் மனைவி என்றும், அவள் மலைமேல் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்தது உலகச் சண்டை ஆரம்பித்த வருஷம் என்றும், பிலிம் அதற்கு முந்திய தை மாசத்தில் எடுத்தது என்றும் எழுதியிருந்தார். அவள் நடமாடுகிற படம் உலகத்தில் வேறு எதுவும் இல்லையாம். உங்கள் சகோதரிக்கு நான் சொல்ல விரும்புகிற பதில் இதுவாக இருக்காது என்று தெரியும், என்னை மன்னிக்க வேண்டும், அந்தப் பிலிமை எனக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். சண்டை ஆரம்பித்தது முதலில். கொழும்பில் குண்டு விழுந்தது அதற்கு இரண்டு மூன்று வருஷம் பிறகு. அப்படியானால் நடந்து போனவர் அவராகவே இருந்தாலும், அது தோணிக்கு முந்திய நடை. அன்று அவர் அந்தப் படியிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து மதினி கையால் சாப்பிட்டிருப்பார்.

"அப்பம் அந்தத் தகரம்?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ மாத்தியிருப்பாங்க," என்றார் இவர்.

"நல்லவேளை," என்றாள் மதினி. நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று அவளைப் பார்த்தேன். "உசுரோட இருந்து வராம இல்ல பாத்தியா. வர முடியலன்னுதான் வரல." அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள். ஆறேழு வருஷத்து அழுகை. கீழ்வீட்டு அக்கா மாடியேறி வந்து, ஒன்றும் கேட்காமல் அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிலிமை அனுப்புவதா என்று இவர் தயங்கினார். மதினிக்கு அதில் தயக்கமே இல்லை.

"அந்தம்மா அவருக்குத்தான சிரிச்சா? நமக்கா சிரிச்சா? அனுப்பு தம்பி."

"அத்தான் போயிருவாகளேக்கா."

"அவுக எப்பமோ போயாச்சு."

அனுப்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒரு தடவை போட்டோம். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக நான் அந்த வெள்ளைக்காரியை ஒழுங்காகப் பார்த்தேன். அவளுக்குக் கன்னத்தில் குழி விழுந்தது. காற்றில் பறக்கிற தொப்பியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் அவள் எப்போது போவாள், படிக்கட்டு எப்போது வரும் என்றுதான் காத்திருந்திருக்கிறேன். மதினி அவளுக்குத் திருப்பிக் கை ஆட்டினாள். நான் பார்த்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

நடுவில் ஒட்டுப் போட்டிருக்கிறது, எங்கள் பிழை, மன்னிக்கவும் என்று எழுதி இவர் பார்சலை அனுப்பினார்.

அந்த ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் மதினியின் வீட்டுக்காரருக்குக் காரியம் நடந்தது. மதினியேதான் நடத்தச் சொன்னாள். ஆனால் வளையலைக் கழற்ற உறவுக்காரப் பெண்கள் வந்தபோது கையைக் கொடுக்கவில்லை. "காரியம் பண்ணியாச்சுல்லா. இது கெடக்கட்டும்," என்றாள். தாலியையும் கழற்றவில்லை. அப்படியென்றால் காரியம் எதற்கு என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. நான் கேட்கவில்லை. கல்யாண வீடுகளில் அதற்குப் பிறகும் தட்டுகள் அவள் முன்னால் தடுமாறத்தான் செய்தன. ஒரே வித்தியாசம், அவள் எழுந்து போகவில்லை. உட்கார்ந்திருந்தாள். நீட்டினால் எடுத்துக்கொண்டாள்.

கார்த்திகை வாக்கில் துரையிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பிலிம் நல்லபடியாக வந்து சேர்ந்தது என்று நன்றி சொல்லியிருந்தார். உள்ளே மெல்லிய காகிதத்தில் மடித்து ஒரு சாண் நீளத்துக்கு மேல் ஒரு பிலிம் துண்டு. கொட்டான் தூக்கியவர் வருகிற பகுதியிலிருந்து அதை மட்டும் கத்தரித்து எடுத்து, உங்கள் சகோதரியிடம் கொடுக்கவும் என்று அனுப்பியிருந்தார்.

மதினி அதை ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். குறுநொய் அளவுக்கு ஆட்கள், வரிசையாக, ஒன்றன்கீழ் ஒன்றாக. எல்லாரும் ஒரே ஆள். எல்லாரும் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார்கள். எது முந்தி, எது பிந்தி என்று தெரியவில்லை.

"இதை வேற டப்பாவுல ஒட்டித் தரட்டாக்கா? ஒரு நொடியாவது ஓடும்," என்றார் இவர்.

மதினி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மறுபடி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஏளா, நடந்தாத்தான் அவுக மாதிரி இருந்துச்சு. நின்னா வேற யாரோ மாதிரில்லா இருக்கு?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் என்ன சொல்வது? அவர் நடந்தும் நான் பார்த்ததில்லை, நின்றும் பார்த்ததில்லை. "எனக்குத் தெரியல மதினி," என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "எனக்கும்தான்ளா," என்று சொல்லி, அதை அதே காகிதத்தில் மடித்து, தன் சேலைகளுக்கு நடுவே வைத்துவிட்டு, ஈரத்துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனாள்.